லாசரஸ் கொடுத்த இரண்டு ஸ்டார்

சேலையூரில் ஒரு கஃபே திறந்தால் முதல் வாரத்தில் மூன்று பேர் தவறாமல் வந்துவிடுவார்கள். பேப்பர் கப் சப்ளை செய்கிறவர், கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர், லாசரஸ். முதல் இருவரும் வியாபாரத்துக்காக வருகிறவர்கள். லாசரஸ் எதற்காக வருகிறார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. வந்து சாப்பிட்டுவிட்டுப் போய், மேப்பில் அந்தக் கடையின் பெயருக்குக் கீழே ரிவ்யூ எழுதுவார். அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் தாம்பரத்தில் எந்தக் கடையைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அவர் எழுதியதுதான். அத்தனை நீளம்.

வயது நாற்பத்தெட்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். உருளையோ வளையமோ கைக்கு வரும். கேஜை வைத்து அளந்து பார்ப்பார். ஓர் இழை கூடக்குறைய இருந்தால் சிவப்பு பெயின்ட்டைத் தொட்டு வைத்து ஓரத்தில் எறிவார். ஆறு நாளும் இரும்பை ரிஜெக்ட் செய்து பழகிய கை ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்குமா? தாம்பரத்தில் ரிஜெக்ட் செய்யத் தோதாகத் தாராளமாகக் கிடைக்கிற பொருள் கஃபே ஒன்றுதான். ரயில் பாதைக்குக் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் முன்பு ஜெராக்ஸ் கடையும் ரீசார்ஜ் கடையும் இருந்த இடங்களில் இப்போது கஃபேக்கள். சுவரில் பிளாஸ்டிக் புல், புல்லின் நடுவே நியான் எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு தத்துவம். அதன் கீழே மெனு. மெனுவில் இத்தாலியும் ஆம்பூரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும். பெரி பெரி இட்லி, சிக்கன் சுக்கா பாஸ்தா, பன்னீர் டிக்கா பீட்சா தோசை. எதற்கும் இருக்கட்டுமென்று கடைசியில் தயிர்சாதம். இதையெல்லாம் யார் சாப்பிடுவார்கள் என்று கேட்பவர்கள், திருநீர்மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கி வந்து குடும்பத்தோடு சீஸ் தோசைக்கு டோக்கன் வாங்கி நிற்பவர்களைப் பார்த்ததில்லை.

லாசரஸ் ஒரு கடையிலும் ஒழுங்காக உட்கார்ந்தவர் இல்லை. முதல் டேபிளில் ஏசி காற்று நேராக மண்டையில் அடிக்கும். இரண்டாவது டேபிள் கழிவறைக்குப் பக்கம். மூன்றாவது டேபிளுக்கு ஒரு கால் குட்டை. நான்காவதில் உட்கார்ந்ததும் முதல் டேபிளே தேவலையோ என்று தோன்றும். பாஸ்தா வந்தால் பர்கர் சொல்லியிருக்கலாமே என்பார். பர்கர் வந்தால் பக்கத்து டேபிளில் இருப்பது என்ன என்று எட்டிப் பார்ப்பார். வாயில் ஒரு கடை இருக்கும்போதே கண் போனில் அடுத்த வாரத்துக் கடையைத் தேடிக்கொண்டிருக்கும். வீட்டிலும் இதே கதைதான். ஹாலில் உட்கார்ந்தால் பால்கனி கூப்பிடும், பால்கனிக்குப் போனால் மொட்டை மாடி. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தபடியே சாப்பிட்டு முடிக்கிற மனிதர். ஒரு கடைக்கு இரண்டாம் முறை போனதும் கிடையாது.

அவருடைய மனைவி தபீதாள், பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். மகள் கெசியா கல்லூரியில் பி.காம். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் மூவரும் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கிப்பிடித்துக்கொண்டு அந்த வாரத்துக் கடைக்குப் போவார்கள். சாப்பாடு மேஜைக்கு வந்ததும் தபீதாள் கண்களை மூடுவார். மற்ற இருவரும் மூடுவார்கள். ஸ்தோத்திர ஜெபம் தொடங்கும்.

அது சாதாரண ஜெபம் இல்லை. முதலில் விளைவித்தவர்கள், பிறகு அதை லாரியில் ஏற்றி வந்தவர்கள், பிறகு சமைத்த கைகள். அடுத்து, இந்த வேளையில் சாப்பிட இல்லாதவர்கள். அங்கேயே முடித்துவிடலாம், முடியாது. தபீதாளின் தம்பிக்குக் கனடா விசா, கெசியாவின் அக்கவுண்ட்ஸ் பேப்பர், படப்பையில் வாங்கிப் போட்ட மனையின் பட்டா, மாடிவீட்டு அம்மாவின் மூட்டுவலி எல்லாம் வரிசையாக வரும். "இவருடைய மனசுக்கு ஒரு சமாதானத்தைக் கட்டளையிடும் ஆண்டவரே" என்று கணவரைத் தொட்டுவிட்டுத்தான் ஆமென் வரும். லாசரஸ் கண்ணைத் திறந்து, கைகளைத் துடைத்து, தட்டைப் படம் எடுத்து, முதல் வாயை வைப்பார்.

பிறகு எழுதுவார். கடைக்குக் கடை எல்லாம் மாறும். ஒரு வரி மட்டும் மாறாது: "பரிமாறும்போதே உணவு ஆறியிருந்தது."

இந்த மூன்று பத்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு விஷயம் உடனே புரிந்துவிடும். லாசரஸுக்குப் பல வருஷமாகப் புரியவில்லை. அவர் முட்டாள் இல்லை. ஜெபத்தை அவர் நேரக் கணக்கில் சேர்த்ததே இல்லை, அவ்வளவுதான். சாப்பாடு வருகிறது, கண்ணை மூடுகிறோம், திறக்கிறோம், ஆறியிருக்கிறது. அப்படியானால் ஆறித்தான் வந்திருக்கிறது. கேஜ் பிடிக்கும் மனிதரின் தர்க்கம்.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் 'தம் & டோஸ்ட்' இருந்தது. ஜஹீராவும் அவள் கணவன் பாட்சாவும் நடத்தும் கடை. ஜஹீரா பில் போடுவாள், மெனு எழுதுவாள், ஆட்களைச் சமாளிப்பாள். பாட்சா அடுப்பைப் பார்த்துக்கொள்வான். தம் பிரியாணி அவன் குடும்பத்துத் தொழில். டோஸ்ட் அவளுடைய யோசனை. நோன்புக் கஞ்சியை வருஷம் முழுக்க வெண்ணெய் தடவிய பூண்டு ரொட்டியோடு கொடுத்தார்கள். நன்றாகவே போனது. ஆனால் கட்டிடத்துக்காரர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார். தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். கிடைத்த ஒரே வழி, மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலுக்கு அந்தப் பக்கம் வந்திருக்கும் பெரிய குடியிருப்பின் கிளப் ஹவுஸ். அங்கே கீழ்த்தளத்தில் ஒரு கஃபேக்கு இடம் விட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசன் வந்தார், சாப்பிட்டார், தலையாட்டினார், ஒரு நிபந்தனை சொன்னார். ரேட்டிங் நான்குக்குக் கீழே இருக்கக் கூடாது.

திறந்த வாரம் எப்படியோ தவறவிட்டிருந்த லாசரஸ் அந்த வாரம்தான் வந்துவிட்டுப் போனார். இரண்டு ஸ்டார். "கீமா டோஸ்ட்டில் வெண்ணெய் உறைந்து கிடந்தது. பாஸ்தாவை முள்கரண்டியால் தூக்கினால் மொத்தமாக எழுந்து நின்றது. பரிமாறும்போதே உணவு ஆறியிருந்தது." சின்னக் கடை, எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். ரேட்டிங் நான்கு என்ற கோட்டுக்கு மயிரிழை கீழே நழுவியது.

ஸ்ரீநிவாசன் போன் செய்தார். "மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சாப்பிட்டப்ப நல்லாத்தான் இருந்தது. ஆனா லாசரஸ் சார் இப்படி எழுதியிருக்காரே. எங்க குடியிருப்புல பாதிப் பேர் ரிட்டயர்டு. சாம்பார்ல ஆவி வரலேன்னா ஜெனரல் பாடில கேள்வி கேக்குறவங்க. வர ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கமிட்டி. அதுக்குள்ள ஏதாவது பாருங்கோ."

ஜஹீராவுக்கு அடுப்பின் மேல் சந்தேகம் வரவில்லை. பாட்சாவை அவளுக்குத் தெரியும். கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமராவில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்தாள். சத்தமில்லாத படம். பாட்சாவே தட்டுகளைக் கொண்டுவந்து வைக்கிறான். ஆவி தெளிவாகத் தெரிகிறது. மூன்று தலைகளும் குனிகின்றன. ஆவி மெலிகிறது. பக்கத்து டேபிளில் ஒருவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிறார். ஆவி இல்லை. பாட்சா தண்ணீர் ஜக்கோடு அந்தப் பக்கம் போகிறான், திரும்பி வருகிறான். மூன்று தலைகளும் குனிந்தபடியே இருக்கின்றன.

"இன்னாம்மே இது!" என்றான் பாட்சா. "பிரியாணிக்கே இவ்ளோ நேரம் தம்மு போட்றதில்ல நானு. இத்த அப்டியே ரிப்ளைல போட்டு வுடு. ஊரே பாக்கட்டும்."

"போடுவியா? ஒரு பொம்பள கண்ண மூடிக்கிட்டு சாமி கும்புடுறத ஊருக்குக் காட்டி, இவங்க ஜெபத்தாலதான் எங்க பாஸ்தா கெட்டுச்சுன்னு சொல்லுவியா? அதுவும் நாம சொல்லணுமா? நாளைக்கே யாராவது அதை எடுத்து வேற மாதிரி கிளப்பி விடுவான்."

பாட்சா யோசித்தான். அவர்கள் இருவரும் பிஸ்மில்லா என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். அடுத்தவரின் துஆ நீளம் என்று எப்படிப் புகார் சொல்வது? எந்த முகத்தோடு?

"அப்ப அவர்கிட்ட நைசா சொல்லலாம்."

"என்னன்னு? சார், உங்க வீட்டம்மாவ கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கன்னா?"

"பேஜாராப் பூட்ச்சே!" என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

கடைசியில் ஜஹீரா ரிவ்யூவுக்குக் கீழே பதில் எழுதினாள். மன்னிக்கவும் சார், ஒரே ஒரு தடவை மறுபடி குடும்பத்தோடு வாருங்கள் என்று. லாசரஸ் யாருக்கும் இரண்டாம் வாய்ப்புத் தந்தவரில்லை. ஆனால் இதுவரை யாரும் கேட்டதும் இல்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒரு கடை தன்னைக் கெஞ்சுகிறது என்பது அவருக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சந்தோஷத்தில்தான்.

ஞாயிறு வருவதற்குள் பாட்சா போட்ட திட்டங்கள் ஏராளம். கொதிக்கும் இரும்புத் தட்டில் சிஸ்லர் கொடுக்கலாம் என்றான். புகையில் ஜெபத்தின் நடுவே இருமுவார்கள் என்று ஜஹீரா தடுத்தாள். முதலில் ஆறினால் பாதகமில்லாத ஒன்றை வைப்பது, ஜெபம் அதற்கு நடக்கட்டும், ஆமென் காதில் விழுந்ததும் சூடானதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று முடிவானது.

வந்தார்கள். லாசரஸ் இரண்டு டேபிள் மாறி மூன்றாவதில் உட்கார்ந்தார். ஜஹீரா வெங்காயமும் வெள்ளரிக்காயும் வெட்டிய தட்டை வைத்தாள். "கடையோட அன்பளிப்பு அக்கா. சாப்பிட ஆரம்பிங்க."

தபீதாள் கண்களை மூடினார். வெங்காயம் விளைவித்தவர்களில் தொடங்கி மூட்டுவலி வரை முழு ஜெபமும் அந்த வெள்ளரிக்காய்க்கு நடந்தது. ஆமென் என்று கேட்டதும் பாட்சா அடுக்களையிலிருந்து மூன்று தட்டுகளோடு பறந்து வந்தான். கீமா டோஸ்ட்டின் மேல் வெண்ணெய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்தாவிலிருந்து மிளகு வாசனையோடு ஆவி எழுந்து லாசரஸின் கண்ணாடியில் படிந்தது. ஜஹீரா கல்லாவில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சாலட்டுக்கு," என்றார் தபீதாள். "சாப்பாடு இப்பத்தானே வந்திருக்கு. ஒரு சின்ன ஜெபம்."

மூன்று தலைகளும் மறுபடி குனிந்தன.

"விளைவித்த கைகளுக்காக ஸ்தோத்திரம்…"

பாட்சா நகரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றான். லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள். வெண்ணெய் ஓட்டத்தை நிறுத்தியது. ஜஹீரா தூரத்திலிருந்தே 'உள்ளே போ' என்று கண்ணால் மிரட்டினாள். கனடா விசா வந்ததும் அவனால் முடியவில்லை.

"யக்கா! ஆறுதுக்கா! அல்லா மேல சத்தியமா சூடாத்தாங்க்கா கொண்டாந்தேன்!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஜஹீரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லாசரஸும் கெசியாவும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். தபீதாள் திறக்கவில்லை. விசாவை முடித்து, ஆமென் சொல்லி, பிறகு நிதானமாகத் திறந்தார்.

"ஆறும்னு தெரியும் தம்பி. அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"என்ன தெரியும்?" என்றார் லாசரஸ்.

"ஆறும்னு."

"எது?"

"எல்லாந்தான். இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணா ஆறத்தானே செய்யும்? சாப்பாடு என்ன ஃப்ளாஸ்க்லயா இருக்கு?"

லாசரஸ் மகளைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்கப்பா. எனக்கு நைன்த் ஸ்டாண்டர்டுலயே தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா, 'சரி, இனிமே நீ சுருக்கமா பண்ணு'ன்னு என் தலையில கட்டுவீங்க. மாடிவீட்டு ஆன்ட்டி மூட்டுக்கெல்லாம் என்னால ஜெபம் பண்ண முடியாது."

லாசரஸ் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "தபீதா, நான் எத்தனை கடைக்கு எழுதியிருக்கேன்! பெருங்களத்தூர்ல அந்தப் பையன் அடுப்பையே மாத்தினான். தெரிஞ்சும் நீ…"

"நீங்க முதல்ல உட்காருங்க. வீட்ல எங்க உட்கார்றீங்க? தட்டைத் தூக்கிட்டு பால்கனிக்குப் போறீங்க, மாடிக்குப் போறீங்க. சர்ச்லயும் நோட்டீஸ் போர்டு பக்கத்துல நின்னுதான் பிரசங்கம் கேக்குறீங்க. கண்ண மூடிக்கிட்டு இருக்குற அந்த நேரம் மட்டுந்தான் என் பக்கத்துல இருக்கீங்க. அதனாலதான் ஒவ்வொருத்தரா சேர்த்துக்கிட்டே போனேன். போன மாசம் ஆள் கிடைக்காம நம்ம வீட்டுக்கு சிலிண்டர் போடுறவருக்குக்கூட ஜெபம் பண்ணேன்."

"அவரு இப்போ நல்லா கீறாரா?" என்று பாட்சா கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். கெசியா தண்ணீரைத் துப்பிவிட்டாள்.

லாசரஸ் வாசலைப் பார்த்தார். ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. ஆனால் வழியில் ஜஹீரா வந்து நின்றிருந்தாள்.

"சார், உங்க வீட்டு விஷயத்துல நாங்க தலையிட வரல. நீங்க எங்களைப் புகழவும் வேணாம். ஆறிப்போச்சுன்னு எழுதுனீங்க பாருங்க, அந்த ஒரு வரியை எடுத்துருங்க. அடுத்த ஞாயிறு கமிட்டி. அந்த இடம் இல்லேன்னா தீபாவளியோட கடை கிடையாது. இவரு திரும்பி அவங்க அண்ணன் கடையில போய் நிக்கணும்."

"எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாங்களே."

"யாரு சார் கேப்பாங்க?" என்றான் பாட்சா.

"மக்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே ஒரு டோஸ்ட் துண்டை எடுத்து வாயில் போட்டார். இரண்டாம் ஜெபம் பாதியில் அறுந்ததால் அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு உட்கார்ந்து தட்டையே முடித்தார். படம் எடுக்க மறந்துபோனார்.

அந்த வாரம் முழுக்க லாசரஸுக்கு நிலைகொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் மூன்று சீட் மாறினார். ரிஜெக்ட் செய்த உருளை ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி அளந்தார். அது ரிஜெக்ட்தான், ஆனாலும் இன்னொரு முறை அளந்தார். உண்மையை எழுதினால் மனைவியின் ஜெபத்தை ஊர் நடுவில் குறை சொன்னதாகிவிடும். சபையில் பாதிப் பேர் அவர் ரிவ்யூவைப் படித்துவிட்டுத்தான் பிறந்தநாள் கேக்கே ஆர்டர் செய்கிறார்கள். எழுதாவிட்டால் அந்தப் பெண்ணின் கடை போய்விடும். இந்த ஒன்றை மாற்றினால் மற்ற கடைக்காரர்கள்? பெருங்களத்தூர்ப் பையன்? பாதி எழுதி அழித்தார். பால்கனியில் ஒன்று எழுதினார், மாடியில் ஒன்று எழுதினார்.

"என்னதான் எழுதுறீங்க அவ்ளோ நேரமா?" என்று தபீதாள் கீழேயிருந்து கேட்டார்.

"ஒரே ஒரு வரி."

"அதுக்கு ஏன் மாடியைச் சுத்துறீங்க? நேரா எழுத வேண்டியதுதானே?"

"நேரா எழுதுனா நீ வருவ அதுல."

சனிக்கிழமை சாயங்காலம் ரிவ்யூ மாறியது. நான்கு ஸ்டார். "இரண்டாம் முறை சென்றேன். உணவு சூடாகவே பரிமாறப்படுகிறது. முன்பு நான் எழுதியது அன்றைய சூழ்நிலையைப் பொறுத்தது. சூடு குறைவதற்குள் சாப்பிட வேண்டும் என்று சமையல்காரரே டேபிளுக்கு நேரில் வந்து வலியுறுத்துகிறார். அவர் சத்தம் கொஞ்சம் அதிகம் என்பதால் ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன்."

"என் சத்தத்துக்கு ஒரு ஸ்டாரா?" என்று பாட்சா குதித்தான். "இன்னா மன்சன்யா இவரு! தப்பு அவுரு பக்கம், ஸ்டாரு என் பக்கம் கட்டா?"

"வாய மூடு. நாலைத் தாண்டிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்ரீநிவாசனின் போன் வந்தது. "மேடம், கமிட்டில அந்தப் புது ரிவ்யூவை நானே சத்தமா வாசிச்சேன். சமையல்காரரே நேர்ல வந்து வலியுறுத்தறாராமே! எங்காளுங்க அங்கேயே விழுந்துட்டா. தட்டை முன்னால வெச்சுண்டு மணிக்கணக்கா அரசியல் பேசறவா எல்லாரும். ஒருத்தர் வந்து அதட்டினாத்தான் சாப்பிடுவா. இடம் உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன். அந்த சமையல்காரரை மாத்தக் கூடாது."

ஜஹீரா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்சா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று அவள் முகத்தையே பார்த்தான்.

"இன்னா ஆச்சு? சொல்லித் தொலையேன்."

"கிடைச்சிடுச்சு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு, "அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிடு," என்றான். "ஒரு ஸ்டாரு கட் பண்ணாலும் மன்சன் எழுதுனாரில்ல."

போன ஞாயிறு பில் போடும்போது வாங்கி வைத்திருந்த லாசரஸின் எண்ணை ஜஹீரா அழுத்தினாள். மணி ஒரே தரம் அடித்தது. உடனே துண்டிக்கப்பட்டது.

"இன்னா, கட் பண்ட்டாரா? பெரிய ஆளுதான்."

"ஏய், ஞாயித்துக்கிழம மத்தியானம். எங்கயாவது சாப்பிட உட்கார்ந்திருப்பாங்க. ஜெபத்துல இருப்பாங்க. முடிஞ்சதும் அவரே கூப்பிடுவாரு. நீ டீ போடு."

பாட்சா இரண்டு கிளாஸ் டீ போட்டான். சுடச்சுட ஊதிக் குடித்தார்கள். கிளப் ஹவுஸில் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசினார்கள், அதில் ஒரு சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். அவன் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

போன் இன்னும் அடிக்கவில்லை.